பிவிசி குழாயும் பசிபிக் அரசியலும்

இசையில் மினிமலிசம் என்றதும் ஸ்டீவ் ரைக், ஃபிலிப் கிளாஸ் என்று நியூயார்க் பெயர்களைச் சொல்லியே பழகிவிட்டோம். நியூசிலாந்தின் ஆக்லாந்தைச் சேர்ந்த இசைக்கலைஞர் ஃபில் டாட்ஸனையும் அந்தக் கிளையில் கொண்டுபோய் ஒட்டிவிடுவது ஆய்வாளர்களுக்குச் சுலபம். சின்னச் சொற்கட்டு, திரும்பத் திரும்ப வாசிப்பு, மெல்ல நகரும் மாற்றம் என அடையாளங்கள் பொருந்தவும் செய்கின்றன. வேர் மட்டும் வேறு.

லண்டனில் கார்னீலியஸ் கார்டியூவின் ஸ்கிராட்ச் ஆர்க்கெஸ்ட்ராவில் இருந்தவர் டாட்ஸன். தேர்ந்த கலைஞரும் பயிற்சியே இல்லாதவரும் சேர்ந்து வாசித்த கூட்டம் அது. அந்த எண்ணத்தோடு ஊர் திரும்பியவர் 1974இல் ஆக்லாந்தில் 'ஃப்ரம் ஸ்கிராட்ச்' குழுவைத் தொடங்கினார். முக்கியக் கருவி, பிளம்பர் வாங்கும் அதே பிவிசி குழாய். நீளம் கூடினால் சுருதி இறங்கும். குழாயின் வாயில் மட்டையால் அறைந்தால் உள்ளிருக்கும் காற்று 'தொம்' என்று பேசும்.

வாசிப்பு முறைதான் விசேஷம். ஒரு மெட்டின் ஸ்வரங்களை ஆளுக்குக் கொஞ்சமாகப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். தன் முறைக்கு அடித்துவிட்டு, அடுத்தவருக்கு இடம்விட வேண்டும். ஹாக்கெட் என்பார்கள் இதை. முழு மெட்டு யார் கையிலும் இல்லை. தனி ஆவர்த்தனத்தில் ஒரு வித்வானின் மேதைமைக்குக் கைதட்டிப் பழகிய நமக்கு இது புதிய அனுபவம். கூடி வாழ்வதை உபதேசிக்காமல், வாசிக்கும் விதியாகவே ஆக்கியது டாட்ஸனின் பெரிய சாதனை.

இடிக்கும் இடமும் உண்டு. இந்தக் குழுவின் 'பசிபிக் 3, 2, 1, ஜீரோ' அணுகுண்டுச் சோதனைக்கும் பசிபிக்கில் அணுக்கழிவு கொட்டுவதற்கும் எதிரான படைப்பு. பிரான்ஸ் மொரூரோவா தீவில் சோதனைகள் நடத்திக்கொண்டிருந்த காலம். ஆனால் தாளம் அவ்வளவு துள்ளலாக இருக்கிறது! விஷயம் தெரியாதவர் காலால் தாளம் போட்டுவிட்டு, சந்தோஷமாக எழுந்து போய்விடலாம். தலைப்பில் எண்கள் இறங்குவதைக் காட்டி, கோபம் இருக்கிறது என்று சிலர் வாதாடுவார்கள். அது தலைப்பின் பலம்தான், இசையில் அந்தக் கோபம் ஏறவில்லை.

இன்னொன்று, சாலமன் தீவுகளின் மூங்கில் இசைக்கு இந்தக் குழு பட்டிருக்கும் கடன். மூங்கில் பிளாஸ்டிக் ஆனதோடு, அதை வாசித்து வந்த தீவுக்காரர்கள் மேடையிலிருந்து காணாமல் போனார்கள். நியூயார்க்குக்குப் பக்கம் பக்கமாக இடம் ஒதுக்கிவிட்டு, இவர்களை ஒரு வரியில் முடிக்கும் எந்தத் திறனாய்வும் பாதித் திறனாய்வுதான்.

கேட்க நினைப்பவர்கள் ஒலிப்பதிவோடு நின்றுவிட வேண்டாம். யார் அடிக்கிறார், யார் காத்திருக்கிறார் என்பது கண்ணுக்குத் தெரிந்தால்தான் ஹாக்கெட் புரியும். 'பசிபிக் 3, 2, 1, ஜீரோ'வை வைத்து கிரெகர் நிக்கலஸ் 1993இல் எடுத்த படத்திலிருந்து தொடங்குங்கள்.