வாயிலில் ஆடம்பரம், வழக்கில் அறம்!

போச்சம்பள்ளியில் ஞாயிறுதோறும் சந்தை கூடுகிறது. ஆடு ஓட்டி வருபவரானாலும் கீரைக்கட்டு சுமந்து வருபவரானாலும், விற்க வந்தவர் சுங்கம் கட்டியாக வேண்டும். “நான் வாணிபம் செய்யவில்லை, கீரை உண்ணும் நற்பழக்கத்தைப் பரப்புகிறேன், எனக்கேன் சுங்கம்?” என்று கீரை விற்கும் தாய் கேட்டால், சந்தையே சிரிக்கும்!

ஏறத்தாழ அதே வாதத்தை இந்தியக் கிரிக்கெட் வாரியம் எடுத்துரைத்தது. சிரிப்பார் இல்லை! பணம் குவியும் வகையில் ஐ.பி.எல். அமைந்திருந்தாலும், கிரிக்கெட்டை மக்களிடம் பரப்பும் அடிப்படைத் தன்மை மாறிவிடவில்லை என்று 2021 நவம்பரில் மும்பை வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் கூறிற்று, வரிவிலக்குக்கு வழிவிட்டது.

இந்த அறப்பணியின் அளவு என்ன? 2023 முதல் 2027 வரையிலான ஒளிபரப்பு உரிமை மட்டும் 48,390 கோடி ரூபாய்! அதைப் பெறும் வாரியமோ, நம் ஊர்ப் படிப்பகம் பதிவு பெறும் அதே தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழுள்ள ஒரு சங்கம். நாளிதழுக்கு நன்கொடை திரட்டும் படிப்பகமும், நாட்டையே ஏலக்கூடமாக்கிய வாரியமும் ஒரே இனமா, தோழர்களே?

வழக்கு மன்றத்தை விட்டு, ஆட்டக்கள வாயிலுக்கு வருவோம். சிப்காட்டில் வாரமெல்லாம் உழைத்த இளைஞன், பெங்களூர் சென்று ஐ.பி.எல். ஆட்டம் காண விழைகிறான். 2025 செப்டம்பர் 22 முதல், அவன் வாங்கும் நுழைவுச் சீட்டுக்கு ஜி.எஸ்.டி. 40 விழுக்காடு. ஆயிரம் ரூபாய்ச் சீட்டுக்கு நானூறு ரூபாய் வரி! சூதாட்ட விடுதிக்கும் குதிரைப் பந்தயத்துக்கும் உள்ள அதே விகிதம். காண்பவனுக்கு ஆடம்பரம், நடத்துபவருக்கு அறம். ஒரே ஆட்டத்துக்கு இரு முகமா?

“வாரியம் வரி செலுத்துகிறதே!” என்பர். ஆம், 2021-22இல் 1,159 கோடி ரூபாய் வருமான வரி செலுத்தியதாக நாடாளுமன்றத்தில் அரசே தெரிவித்தது. ஆனால், செலுத்தும் கையே விலக்கும் கேட்டு நீள்கிறது. அந்த இளைஞன் விலக்குக் கேட்க எந்தத் தீர்ப்பாயம் செல்வான்?

வழி தெரியாமல் இல்லை. பொதுநலன் பேசும் அமைப்பின் வாணிப வருவாய், மொத்த வரவில் 20 விழுக்காட்டைத் தாண்டினால் விலக்கில்லை என்னும் வரம்பை 2022 அக்டோபரில் உச்சநீதிமன்றம் உறுதிசெய்தது. மாநிலக் கிரிக்கெட் சங்கங்கள் சிலவற்றின் கணக்கை மீண்டும் ஆராயவும் பணித்தது. அந்த அளவுகோல் வாரியத்துக்கும் பொருந்தட்டும்! கிடைக்கும் வரி, ஏரிக்கரையில் மட்டை பிடிக்கும் சிறுவனுக்குத் திடலாகட்டும்!

விற்பவர் சுங்கம் கட்டுக என்பது சந்தை நீதி. ஆட்டத்தை விற்பவருக்கு மட்டும் வேறு நீதி ஏன்?