பாதியில் நின்ற ஆர்ம்

"இரும்பு நல்லா இருக்கு, மூளையை மட்டும் மாத்தினா போதும்." பழைய மெஷினிங் சென்டருக்குப் புது மென்பொருள் ஏற்றித் தருபவர்கள் வழக்கமாகச் சொல்வது இது. ஃபேனக் போர்டுக்கு உதிரி தேடி அலுத்துப்போன கும்மிடிப்பூண்டி, காக்களூர் ஜாப் ஒர்க் பட்டறைகளின் காதுக்கு இது இனிக்கத்தான் செய்யும். பொய்யும் இல்லை. வார்ப்பிரும்பு பெட் எளிதில் சாகாது. 1990களில் அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட் தொடங்கிய வேலையில் பிறந்த லினக்ஸ்சிஎன்சி என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. அச்சுகளைச் சொன்னபடி ஓட்டுகிறது.

சிக்கல் டூல் மாற்றும் ஏடிசியில்.

மென்பொருள் 'டூலை மாற்று' என்று ஒரு சிக்னல் தரும். 'மாற்றியாயிற்று' என்று பதில் வரும்வரை காத்திருக்கும். நடுவில் நடப்பதெல்லாம் பொருத்துபவர் எழுதும் லாஜிக். ஸ்பிண்டில் சரியான கோணத்தில் நிற்க வேண்டும், டூல்களை அடுக்கியிருக்கும் மேகசினின் பாக்கெட் சாய வேண்டும், ஆர்ம் இரு டூல்களையும் பிடிக்க வேண்டும், ஸ்பிண்டிலில் டூலைப் பிடித்திருக்கும் டிராபார் விட வேண்டும், ஆர்ம் இறங்கி 180 டிகிரி திரும்பி ஏற வேண்டும், மறுபடி கிளாம்ப். முந்தைய அசைவு முடிந்ததென்று சென்சார் சொன்னால்தான் அடுத்தது. மெஷினைக் கட்டிய கம்பெனி அடிபட்டுக் கற்ற இன்டர்லாக்குகள் பழைய கன்ட்ரோலரின் லேடர் லாஜிக்கில் இருந்தன. அந்த லேடரோடு அவையும் போய்விடுகின்றன.

சென்சார் செத்திருந்தால் அதற்குப் பதில் டைமர்! இரண்டு விநாடியில் டூல் விட்டிருக்கும் என்பது கணக்கு. காற்றழுத்தம் ஏறாத காலை ஷிப்டில் அது தப்பும். ஸ்பிண்டில் விடாத டூலை ஆர்ம் இழுக்கும். டெமோவில் இதெல்லாம் தெரிவதில்லை. அங்கே கரன்ட்டும் போகாது, காற்றும் குறையாது.

கரன்ட் போவதுதான் பெரிய சோதனை. ஆர்ம் வகை மேகசினில் டூல் தன் பழைய பாக்கெட்டுக்கே திரும்புவதில்லை. எது எங்கே இருக்கிறது என்பது டூல் டேபிளில் உள்ள கணக்கு மட்டுமே. ஸ்பிண்டிலில் டூல் மாறி, கணக்கு மாறாமல் நின்றுபோனால், 6 மில்லிமீட்டர் டிரில்லின் ஆஃப்செட்டோடு ஃபேஸ் மில் ஜாபில் இறங்கும். இத்தகைய மேகசினுக்கென லினக்ஸ்சிஎன்சியில் தனி அமைப்பு உண்டுதான். ஆனால் பாதியில் நின்ற ஆர்மை எப்படி மீட்பது என்பதை அது எழுதித் தராது. பொருத்துபவரும் பெரும்பாலும் எழுதுவதில்லை. கடைசியில் ஆப்பரேட்டர் கதவு சுவிட்சை பைபாஸ் செய்து, சோலனாய்டைக் கையால் அழுத்துகிறார். சிலிண்டரில் காற்று மிச்சமிருந்தால் போவது அவர் விரல். இதற்கு 'மூளை மாற்றம்' என்று பெயர் வைப்பது துணிச்சல்தான்.

கடைசித் தவணை கொடுக்கும் முன் முதலாளிகள் ஒன்றைக் கேட்கட்டும்: காலி ஹோல்டர்களை மாட்டி, ஆர்ம் திரும்பும்போதே மெயினை அணைத்துக் காட்டுங்கள். மெஷின் தானாக மீளாவிட்டால், மீட்கும் வரிசையையும் புது லாஜிக்கின் நகலையும் எழுத்தில் வாங்காமல் செக்கில் கையெழுத்துப் போட வேண்டாம்.