குறியீடும் காலும்: தமிழ்வழி இலத்திரனியற் கல்வி பற்றிய ஒரு நோக்கு

மின்சுற்றுப் படம் உறுப்பின் தொழிலைக் காட்டுவது. சுற்றுப்பலகை அதன் இடத்தைக் காட்டுவது. இவ்விரண்டையும் இணைப்பது, எக்கால் எத்தொழிலுக்குரியது என்னும் அட்டவணையே. தமிழில் இலத்திரனியல் கற்பிக்கப்படும் முறையை இவ்வட்டவணையைக் கொண்டே மதிப்பிடல் வேண்டும் என்பது எமது கருத்து.

திரான்சிற்றரை நோக்குவோம். பீசீ 547, 2என் 3904 ஆகிய இரண்டுக்கும் படத்தில் ஒரே குறியீடுதான். எனினும், தட்டையான முகம் எம்மை நோக்க, கால்கள் கீழ்நோக்க வைத்து இடமிருந்து வலமாகப் பார்ப்பின், முன்னையது சேகரிப்பான், அடி, காலி. பின்னையது காலி, அடி, சேகரிப்பான். ஒன்றின் இடத்தில் மற்றதை அப்படியே பொருத்தினால் அது முற்றாகச் செயலிழப்பதில்லை. தலைகீழாக, மிகக் குறைந்த ஓட்ட நயத்துடன் இயங்கக்கூடும். முற்றாகப் பழுதடைந்ததைக் கண்டறிதல் எளிது. அரைகுறையாக இயங்குவதே மாணவனை மயக்குகின்றது. 741 என்னும் செயற்பாட்டு விரியலாக்கியின் குறியீட்டிலே மின்வழங்கற் கால்களான 4ஐயும் 7ஐயும் வரையாது விடுதல் வழக்கம். படத்தை மட்டும் நம்பியவனின் சுற்று மின்னின்றியே கிடக்கும்.

வன்னியில் இவ்வினா தனி முக்கியத்துவம் பெறுகின்றது. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில், பற்றரி கிடையாத நிலையில், சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட மக்கள் இவர்கள். அன்று மின்னறிவு கைவழி அறிவாயிருந்தது. இன்று கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இயங்குகின்றது. பாடசாலையில் தமிழிற் கற்ற மாணவன் அங்கு ஆங்கிலத்திற் கற்கின்றான். உற்பத்தியாளரின் தரவுத்தாளிலோ காலியும் அடியும் இல்லை. ஈ, பீ, சீ என்னும் எழுத்துக்களே உள்ளன. ஆகவே அவன் சொல்லை எழுத்தோடும், எழுத்தைக் காலோடும் பொருத்தவேண்டியவனாகின்றான். ஆங்கிலவழி கற்றவனுக்கு ஒரு படி. இவனுக்கு இரு படிகள்.

இக்குறை மாணவனுடையதன்று. எமது கலைச்சொல்லாக்கம் சொல்லுக்குச் சொல் தேடியதேயன்றி, சொல்லுக்குப் பொருளைக் கையில் எடுத்துக் கொடுக்கவில்லை. கோட்பாடு வகுப்பறைக்கும், பற்றாசுக்கோல் திருத்தகத்துக்கும் எனப் பிரித்துவைத்த சமூக மனப்பாங்கே இதன் அடியிலுள்ளது. மூளையுழைப்பு உயர்ந்தது, கையுழைப்பு தாழ்ந்தது என்னும் பழைய எண்ணம் பாடநூலிலும் தொடர்கின்றது.

எனவே, ஒவ்வொரு குறியீட்டின் அருகிலும் உறுப்பின் உருவம், கால்களின் இலக்கம், தமிழ்ப் பெயர், தரவுத்தாளிலுள்ள எழுத்து ஆகிய நான்கும் ஒருங்கே தரப்படல் வேண்டும். உறுப்பு மாறினால் கால் ஒழுங்கும் மாறலாம் என்பது முதற் பாடத்திலேயே உணர்த்தப்படல் வேண்டும். தமிழ் அறிவியல் மொழியாக வளர்ந்துள்ளதா என்பதற்கு அகராதியின் பருமன் சான்றாகாது. அம்மொழியிற் கற்றவன் பொருத்திய சுற்று இயங்குவதே சான்றாகும்.