ஆழ்வாரை ஆங்கிலத்தில் பேச வைத்தவர்

ஒரகடம் வரை கார் ஆலைகளும் கன்டெய்னர் லாரிகளுமாக நீளும் ஸ்ரீபெரும்புதூர், 1017இல் ராமானுஜர் பிறந்ததாக மரபு சொல்லும் ஊர். அவர் பணிக்க, சீடர் திருக்குருகைப்பிரான் பிள்ளான் நம்மாழ்வாரின் திருவாய்மொழிக்கு முதல் உரையான ஆறாயிரப்படியை மணிப்பிரவாளத்தில் எழுதினார். ஒரு மொழியின் செல்வத்தை இன்னொரு வகை வாசகரிடம் சேர்க்கும் உழைப்பு அது.

அந்த உழைப்பையே பேராசிரியர் வாழ்க்கையாக்கிக்கொண்டவர் மைசூரில் பிறந்த ஏ.கே. ராமானுஜன் (1929–1993). 1962இல் சிகாகோ பல்கலைக்கழக நூலக நிலவறையில் பழந்தமிழ் இலக்கணம் தேடிப்போனவர் கண்ணில் உ.வே.சா.வின் 1937ஆம் ஆண்டுக் குறுந்தொகைப் பதிப்பு பட்டது. 1967இல் அப்பாடல்களில் சில அவர் மொழிபெயர்ப்பில் ஆங்கில நூலாயின. 1981இல் நம்மாழ்வார் பாடல்களும் வந்தன.

அவர் கைவண்ணம் வரி அமைப்பில் இருக்கிறது. தமிழில் அடைகள் அடுக்கடுக்காக முன்னே வர, பெயர் கடைசியில் நிற்கும். ஆங்கிலமோ நேரெதிர். ராமானுஜன் வரிகளை ஒடித்தார், சிலவற்றை உள்தள்ளி அச்சிட்டார். எது எதைச் சார்ந்து நிற்கிறது என்பதைக் கண்ணே கண்டுகொள்ளும். பாட்டின் அடியில் கிடந்த கூற்றுக் குறிப்பைத் தலைப்பாக்கினார். யார் பேசுகிறார் என்று தெரிந்தே வாசகர் உள்ளே நுழைகிறார். திணை, கருப்பொருள் விளக்கங்களைப் பின்னுரைக்கு ஒதுக்கினார். பாட்டு பாட்டாகவே நின்றது.

குறுந்தொகையின் செம்புலப்பெயல்நீரார் பாடல் அவர் ஆங்கிலத்தில் லண்டன் பாதாள ரயில்களில் பயணம் செய்தது. அந்தப் பின்னுரைகளோ இன்றும் வகுப்பறைகளில் பாடமாகின்றன. மொழிபெயர்ப்பு முழுமையான புலமை என்பதற்கு இந்த இரண்டும் சான்று. நம் பல்கலைக்கழகங்களும் அதை அப்படியே மதிக்க வேண்டும்.