திண்டிவனத்து லேத்தும் யாழ்ப்பாணத்து மண்ணெண்ணெயும்

விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ பழைய அம்பாசடர் காரின் சிலிண்டர் ஹெட்டை வீட்டு வாசலில் கழற்றுகிறவருக்கு முக்கால்வாசி வேலை கையால்தான். கரியைச் சுரண்டுவார். வால்வுகளை இடம் மாறாமல் அட்டையில் வரிசையாகக் குத்தி வைப்பார். பேஸ்ட் தடவி, வால்வைக் கவ்விய குச்சியை உள்ளங்கைகளுக்கிடையே உருட்டி உருட்டித் தேய்ப்பார். சாம்பல் நிற வளையம் எங்கும் அறுபடாமல் விழும்வரை கை நிற்காது. பிறகு போர்ட்டில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கசிகிறதா என்று பார்ப்பார். ஹெட் வளைந்திருந்தாலோ வால்வு கைடு தேய்ந்திருந்தாலோ லேத் பட்டறை. கரும்பு டிராக்டரும் சென்னை–திருச்சி லாரிகளும் ஓடும் ஊர்கள் இவை. ஹெட்டின் தளத்தை அரைத்து நேராக்கும் ஃபேஸிங் அடிக்க ஆள் தேடி அலைய வேண்டியதில்லை. கிடைக்காத சாமானுக்குச் சென்னை புதுப்பேட்டை இருக்கிறது.

அம்பாசடரில் நெடுங்காலம் இருந்தது 1489 சிசி பி-சீரிஸ் என்ஜின். இலங்கைச் சாலைகளின் செல்லப்பிள்ளையான மொரிஸ் மைனரில் இருந்தது அதன் தம்பி, ஏ-சீரிஸ். இரண்டிலும் வார்ப்பிரும்பு ஹெட், புஷ்ராடு, ராக்கர். விழுப்புரத்தில் பழகிய கை யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் திணறாது.

திணறவைத்திருக்கக்கூடியது எரிபொருள்தான். 1990இல் இலங்கை உள்நாட்டுப் போர் மீண்டும் மூண்டு, வடக்குக்குப் பெட்ரோல் தடைபட்டபோது யாழ்ப்பாணத்துக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த என்ஜினில் அது பற்றாது. கார்ப்பரேட்டரில் துளி பெட்ரோல் விட்டுக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். எரியாத மிச்சம் வால்விலும் ஹெட்டிலும் கரியாகப் படிந்தது; சிலிண்டர் வழியே இறங்கி என்ஜின் ஆயிலையும் நீர்க்கச் செய்தது. ஆக்டேன் குறைவு என்பதால் அழுத்த விகிதம் கூடிய என்ஜின்கள் தட்டும். ஏறக்குறைய 7 என்ற விகிதத்தில் நிற்கும் ஆஸ்டின் ஏ40 போன்ற முதிய வண்டிகளே தாக்குப்பிடித்தன. இங்கே இளைஞர்கள் ‘பிக்கப்’ வேண்டி ஹெட்டைக் கூடுதலாக அரைக்கச் சொல்கிறார்கள். அங்கே அழுத்த விகிதத்தைக் கூட்டும் அந்த அரைப்பே வண்டியைப் படுக்கவைத்திருக்கும். உதிரிப்பாகம் வராத ஊரில் கரி சுரண்டிச் சுரண்டி அந்த வண்டிகளை ஓடவைத்த மெக்கானிக்குகளின் திறமையை நம் தொழில்நுட்பப் பாடங்களில் சேர்க்க வேண்டும் என்றே நினைக்கிறேன்.

தென்னிலங்கையில் கதை வேறு. ஜப்பானிலிருந்து பழைய கார்களும் என்ஜின்களும் வந்து இறங்கும் நாடு அது. ஹெட் போனால் கொழும்பு பஞ்சிகாவத்தையில் இன்னொரு ஹெட்டோ முழு என்ஜினோ வாங்கி மாட்டிவிடலாம். மொரிஸ் மைனரில் நிசான் என்ஜின் ஏற்றியவர்களும் உண்டு. ஜப்பானியப் பழைய என்ஜின் அப்படி வந்து குவியாத நம் ஊரில், இருக்கிற ஹெட்டைத்தான் தேற்றியாக வேண்டும். 2020இல் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தியபோது அங்கும் பழையதைக் காப்பாற்றும் அக்கறை கூடியது.

இரு கரைக்கும் பொதுவான ஒரு கேடு உண்டு. பெட்ரோலில் இருந்த ஈயம் வார்ப்பிரும்பு வால்வு சீட்டுக்கு மெத்தைபோல் நின்றது. இந்தியா 2000இலும் இலங்கை 2002இலும் ஈயத்தை நீக்கின. மக்களின் மூச்சுக்கு அது நல்லது. பழைய ஹெட்டுக்கு அல்ல. எக்ஸாஸ்ட் சீட் அரிக்கப்பட்டு வால்வு உள்ளே இறங்க, டேப்பட் இடைவெளி தானாக மூடிக்கொள்கிறது. பேஸ்ட் தடவித் தேய்க்கும் லேப்பிங் இதற்கு மருந்தாகாது. கடினப்படுத்திய சீட் வளையத்தை லேத்தில் பதிக்க வேண்டும். பழைய ஹெட்டுக்கு மேம்பாடு என்று நான் ஒப்புக்கொள்வது முதலில் இதைத்தான். கைடும் சீலும் அடுத்து.

இப்போது நம் பங்க்குகளில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். ஆக்டேன் கூடுதல் என்பதால் கொஞ்சம் அரைத்துக்கொள்ளலாம் என்ற பேச்சு எழுகிறது. கணக்கில் அது சரி. ஆனால் 40 ஆண்டு ஓடிய அம்பாசடர் ஹெட் ஏற்கெனவே எத்தனை ஃபேஸிங் கண்டதோ! பட்டறைக்குக் கொடுக்குமுன் அதன் கனத்தை அளந்து, புது ஹெட்டின் அளவோடு ஒப்பிடுங்கள். குறைந்திருந்தால் தளம் நேராகும் அளவுக்கு மட்டும் அரைக்கச் சொல்லுங்கள். பழைய கார்ப்பரேட்டரின் ரப்பர் பாகங்களை எத்தனால் தின்பதற்குள் மாற்றுவதில் மிச்சப் பணத்தைச் செலவிடுங்கள்.