குக்கரின் விசில்

பிரஷர் குக்கரின் மூடிமேல் அமரும் விசில் என்னும் சிறு உலோக எடை, தன் கனத்தாலேயே நீராவியைத் தடுத்து, உள்ளழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ இருமடங்காகும் வரை பொறுத்திருந்து, பின்னரே எழுந்து ஒலித்து, மிகுந்த ஆவியை வெளியேற்றுகிறது. அவ்வழுத்தத்தில் நீரின் கொதிநிலை 100 பாகையிலிருந்து சுமார் 120 பாகை செல்சியசுக்கு உயர்வதால், துவரம்பருப்பும் ஊறிய கொண்டைக்கடலையும் விரைந்து குழைகின்றன. டெனிஸ் பாபின் 1679இல் இலண்டனில் செய்துகாட்டிய ஆவிக்கலத்தின் வழிவந்த இக்கருவியில், மின்சாரமின்றிப் புவியீர்ப்பையே துணைகொண்டு இயங்கும் இவ்வுறுப்பே மிக அழகியது எனத் துணிந்து கூறலாம். அடுத்த அறையில் இருப்பவரும் வேகும் பக்குவத்தைச் செவியால் அளக்க அது வழிசெய்கிறது.

பருப்பு மிகுந்தால் நுரை ஆவிக்குழாயில் ஏறி, மஞ்சள் நீராய் அடுப்பெங்கும் தெறிப்பதும், விளிம்பை அடைக்கும் ரப்பர் வளையமாகிய கேஸ்கட் நாட்பட இறுகி ஆவியைக் கசியவிடுவதும், அதனால் விசில் வராமலே அடிபிடித்துப்போவதும் வீடுதோறும் அறிந்த எரிச்சல்கள். குழாய் அடைபட்டால் உருகித் திறக்கும் காப்பு அடைப்பான் மூடியில் உண்டெனினும், ஒவ்வொரு முறையும் மூடுமுன் ஆவிக்குழாயின் துளையை வெளிச்சத்தில் பார்த்து, பருக்கை எதுவும் சிக்கவில்லை என உறுதிசெய்துகொள்ளுதல் வேண்டும்.