கோடு கீறியவர் எங்கே?

விஞ்ஞானக் கற்பனை என்றவுடன் எம்மவர் பலர் முகஞ் சுழிப்பதுண்டு. பசித்திருப்பவன் முன் பறக்குந் தட்டைக் காட்டி வேடிக்கை பார்க்கச் செய்யும் வித்தை அது என்பது அவர்தங் கருத்து. இக்கருத்து முழுவதும் பொய்யன்று. வெளிவருவனவற்றுட் பெரும்பாலானவை அத்தகையனவே. ஆயினும் 1898இல் நூலாக வந்த தமது நாவலில் எச். ஜி. வெல்ஸ் செவ்வாய்க் கிரகத்தாரை இங்கிலாந்தின்மீது படையெடுக்க வைத்தபோது, தஸ்மேனியாவின் ஆதிக்குடிகளை வெள்ளையர் அழித்ததை முதல் அத்தியாயத்திலேயே நினைவூட்டினார் என்பதை மறத்தலாகாது. ஆளும் நாட்டாருக்கு ஆளப்படுதலின் கொடுமையை உணர்த்த, வேற்றுக் கிரகவாசி அவருக்கு வாய்ப்பான பாத்திரமாக அமைந்தான்.

இந்த மரபில் வைத்து எண்ணத்தக்க தொலைக்காட்சிக் கதையொன்றை இங்கு ஆராய விரும்புகின்றோம். பி.பி.சி. நிறுவனத்தின் 'டொக்டர் ஹூ' தொடர் 1963 நவம்பர் 23இல் ஆரம்பமாயிற்று. 1989இல் நின்று, 2005இல் மீண்டும் உயிர்பெற்றது. நீலநிறப் பொலிஸ் பெட்டியொன்றில் ஏறிக் காலத்தையும் வெளியையும் கடந்து செல்லும் 'டொக்டர்' என்னும் பாத்திரம், நடிகர் மாறுந்தோறும் உடல் மாறி வாழ்வது இதன் ஏற்பாடு. முதற் கதையை நெறிப்படுத்திய வாரிஸ் ஹுசைன் லக்னோவிற் பிறந்தவர். அவருடைய அன்னை அத்தியா ஹொசைன், பிரிவினையாற் சிதறுண்ட லக்னோ முஸ்லிம் குடும்பமொன்றின் கதையை 1961இல் ஆங்கில நாவலாக வெளியிட்டவர். மகன் தொடக்கிவைத்த தொடர், தாய் எழுதிய விடயத்தைத் தொடுவதற்கு 55 ஆண்டுகள் பிடித்தன! பிரித்தானியப் பண்பாட்டு நிறுவனங்களின் வேகத்தை அறிய இது ஒன்றே போதும்.

2018 நவம்பர் 11இல் ஒளிபரப்பான அக்கதையின் பெயர் 'டீமன்ஸ் ஒஃப் த பஞ்சாப்'. பஞ்சாபின் பேய்கள் எனலாம். எழுதியவர் விநய் பட்டேல். டொக்டர் முதன்முறையாகப் பெண்ணுருக் கொண்டு, ஜோடி விட்டேக்கர் அப்பாத்திரத்தில் நடித்த காலம் அது. ஷெஃபீல்ட் நகரத்துப் பொலிஸ் பெண்ணான யாஸ், தன் பாட்டி உம்பிரீனிடமிருந்து உடைந்த கைக்கடிகாரம் ஒன்றைப் பெறுகின்றாள். அதன் வரலாற்றைப் பாட்டி கூற மறுக்கவே, டொக்டரின் துணையுடன் 1947 ஆகஸ்ட் 17ஆம் நாளுக்குச் செல்கின்றாள். பஞ்சாபில், முஸ்லிம் பெண்ணான இளம் உம்பிரீன் மறுநாள் பிரேம் என்னும் இந்து விவசாயியை மணக்க இருக்கின்றாள். யாஸ் அறிந்த பாட்டனார் வேறொருவர். திருமணத்தை நடத்தவிருந்த சாது காட்டிற் பிணமாகக் கிடக்கின்றார். அருகே கோர உருவங்கொண்ட வேற்றுலகவாசிகள் இருவர். கொலையாளிகள் இவர்களே என்று டொக்டர் துணிகின்றார், பார்வையாளரும் துணிகின்றனர்.

அத்துணிவு பொய்யாகுமிடமே இக்கதையின் உயிர்நிலை. திஜாரியர் எனப்படும் அவர்கள் ஒருகாலத்திற் கொலைத்தொழில் புரிந்தவர்கள்தாம். ஆனால் அவர்கள் வெளியே சென்றிருந்த வேளையில் அவர்களது உலகம் அழிந்துபோயிற்று. தம்மவர் சாகும்போது அருகிருக்க முடியாத துயரினால், அழ ஆளின்றிச் சாவோரின் பக்கத்தே நின்று அவர்களை நினைவிற் கொள்வதைத் தம் கடனாக ஏற்றுக்கொண்டனர். அவர்கள் கையிலிருந்த கலத்தில் இருந்தது நஞ்சன்று, தம் இனத்தாரின் புழுதி. அப்படியானால் சாதுவைச் சுட்டவன் யார்? பிரேமின் உடன்பிறந்த தம்பி மனீஷ். துண்டுப்பிரசுரங்களை வாசித்தும் வெறிப் பேச்சுகளைக் கேட்டும் மனம் திரிந்த ஓர் இளைஞன். தமையன் முஸ்லிம் பெண்ணை மணப்பதைத் தடுக்கவே கொன்றான்.

பேய் வெளியிலிருந்து வரும் என்பது இத்தகைய கதைகளின் பழகிய விதி. பட்டேல் அந்த விதியைத் தலைகீழாக்குகின்றார். வெளியிலிருந்து வந்தோர் துக்கங் கொண்டாடுகின்றனர். கொலை வீட்டுத் திண்ணையிலேயே வளர்ந்தது. இது சாதாரணத் துணிச்சலன்று. எல்லைக்கோட்டின் மீதே நடைபெறும் திருமணமும், அதில் மணமகனின் கடிகாரம் விழுந்து உடைய, அந்தக் கணத்திலேயே அது நிற்கட்டும் என உம்பிரீன் விட்டுவிடுவதும் நெஞ்சை விட்டகலாத காட்சிகள். பிரேம் உலகப் போரிலே பிரித்தானியருக்காகப் போரிட்டுத் திரும்பியவன். அவனது மூத்த சகோதரன் சிங்கப்பூரில் அதே போரில் மாண்டவன். இறுதியில் மனீஷ் அழைத்துவந்த ஆயுதக் குழுவின் முன் பிரேம் நிராயுதபாணியாக நிற்கின்றான்; அக்குழுவில் அவனோடு போரிட்ட பழைய சிப்பாய் ஒருவனும் இருக்கின்றான். வெடிச்சத்தம் கேட்கும்போது டொக்டரும் தோழரும் திரும்பிப் பாராது நடக்கின்றனர். முதலாம் உலகப் போர் ஓய்ந்து நூறாண்டு நிறைந்த நாளில், பொப்பி மலர் அணிந்து தம் போர்வீரரை நினைந்துகொண்டிருந்த பிரித்தானிய மக்களை, அவர்களது பேரரசு கைவிட்ட பஞ்சாபிச் சிப்பாய் ஒருவனுக்காகவும் கண்ணீர் விடவைத்தார் பட்டேல். இதனை மனமாரப் பாராட்டுகின்றோம்.

ஆனால் இக்கதையை எமது உயர்தர வகுப்பு மாணவரிடம் கூறியபோது அவர்களுள் ஒருவன் கேட்ட முதற் கேள்வி, "கோடு கீறினவர் எங்க சேர்?" என்பது. நல்ல கேள்வி. கதையில் அவர் இல்லை. மவுண்ட்பேட்டனின் பெயர் போகிறபோக்கிற் காதில் விழுகின்றது, அவ்வளவே. முன்னொருபோதும் இந்திய மண்ணை மிதித்திராத சிரில் ராட்கிளிஃப் என்னும் வழக்கறிஞர் 1947 ஜூலை 8இல் வந்திறங்கி, ஏறத்தாழ ஐந்து வாரங்களில் பஞ்சாபையும் வங்காளத்தையும் கூறுபோட்டார். அக்கோடு விடுதலைக்கு முன்பே ஆயத்தமாயிருந்தும், சுதந்திர தினத்துக்கு இரு நாட்கள் கழித்தே வெளியிடப்பட்டது. தம் வீடு எந்த நாட்டில் உள்ளது என்பதை அறியாமலே மக்கள் கொடியேற்றினர். ஒரு கோடியே நாற்பது இலட்சம் பேரளவில் இடம்பெயர்ந்தனர். மாண்டோர் தொகை பத்து இலட்சம் எனப் பொதுவாகக் கூறுவர். ஐம்பது நிமிட நாடகத்தில் இவற்றையெல்லாம் கூற முடியுமா எனச் சிலர் கேட்கலாம். கோழி எச்சத்தையும் எருதின் உமிழ்நீரையும் கொண்டு டொக்டர் செய்யும் இரசாயனக் கூத்துக்கு நிமிடங்கள் இருந்தன அல்லவா?

இதனினும் பெரிய குறை கதையின் அமைப்பிலேயே உள்ளது. பிரேம் பிழைத்தால் உம்பிரீன் வேறொருவரை மணக்கமாட்டாள், யாஸ் பிறக்கவுமாட்டாள். ஆகவே டொக்டர் தலையிடலாகாது. வெள்ளைத் தோலுடைய இரட்சகர் ஒருவர் இந்தியரைக் காப்பாற்றும் அபத்தத்தை இந்த ஏற்பாடு தவிர்க்கிறது என்பது உண்மையே. ஆனால் பிரேமின் சாவைக் காலத்தின் கட்டளையாக்கும்போது, பிரிவினையும் மழை வெள்ளம்போல் மனிதர் கைக்கு அப்பாற்பட்டதாகிவிடுகின்றது. வரலாறு அப்படியிருக்கவில்லை. 1946 பெப்ரவரியில் பம்பாயில் இந்தியக் கடற்படை மாலுமிகள் கிளர்ந்தெழுந்தபோது, காங்கிரஸ் கொடியும் முஸ்லிம் லீக்கின் கொடியும் செங்கொடியும் ஒன்றாகப் பறந்தன. அவர்களைச் சரணடையுமாறு கூறியவர்கள் இரு கட்சிகளின் தலைவர்களுமே. பிரேமும் மனீஷும் ஒரே அணியில் நின்றிருக்கக்கூடிய ஒரு பாதை ஓராண்டுக்கு முன்னர்வரை திறந்திருந்தது. கதை அதை அறியாது.

இரத்தினபுரி மாவட்டத்தின் இறப்பரும் தேயிலையும் சூழ்ந்த ஓப்பநாயக்கவிலிருந்து எழுதும் நாம் இதனை ஏன் இத்துணை வற்புறுத்துகின்றோம் என்பது வாசகருக்கு விளங்கும். ராட்கிளிஃப் கோடு வெளியான அதே மாதத்திலேதான் இலங்கையிற் பொதுத்தேர்தல் தொடங்கியது. தோட்டத் தொழிலாளர் வாக்களித்து, இலங்கை இந்தியக் காங்கிரஸின் உறுப்பினர் எழுவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர். அடுத்த ஆண்டு 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் வாக்குரிமையும் போயிற்று. 1964 அக்டோபர் 30இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பிரித்து, 1,50,000 பேரைப் பின்னர் பார்ப்போம் என்று ஒதுக்கிவைத்தது. நிலத்தின்மீது கோடு விழவில்லை. லயத்துக் காம்பராவுக்குள்ளே விழுந்தது. அண்ணன் இந்தியப் பாஸ்போர்ட்டுடன் தலைமன்னாரிற் கப்பலேறி நீலகிரியின் அரசுத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனான். தம்பி பதிவுப் பிரஜையாக இங்கேயே கொழுந்துக்கும் பாலுக்கும் நின்றான். இத்தகைய குடும்பங்கள் எத்தனை!

1981 ஆகஸ்டில் இம்மாவட்டத்துத் தோட்டங்கள் தாக்கப்பட்டு, உடுத்த துணியுடன் பலர் வவுனியாவை நோக்கி ஓடினர். தீ வைத்தவர்களைப் பற்றிப் பேசும்போது 'வெளியாட்கள்' என்று கூறிவிடுவது எம்மிடையே வழக்கமாகிவிட்டது. அடுத்த கிராமத்தவருடன் நாளையும் முகம் பார்த்து வாழவேண்டியவர்களுக்கு அது தேவையான சொல்லாகவும் இருக்கலாம். அவ்வசதியைப் பட்டேலின் கதை மறுக்கின்றது. மனீஷ் அயலூரான் அல்லன் என்கின்றது. அவ்வளவில் அது எம்மையும் சுடும் உண்மையே. ஆனால் மனீஷோடு நின்றுவிட்டால், அவனது கையில் துப்பாக்கியைக் கொடுத்த சட்டப் புத்தகம் தப்பிவிடுகின்றது. வேற்றுலகப் பேயைக் கூண்டிலிருந்து விடுவித்துத் தம்பியை ஏற்றிய நாடகாசிரியர், மூன்றாவது எதிரியை அழைக்கவேயில்லை. அவர் படித்தவர், நல்ல உடை உடுத்தவர்; சுட்டதாக எந்தச் சாட்சியும் கூறமுடியாதவர்.

கடைசிக் காட்சியைப் பற்றியும் கூறவேண்டும். யாஸ் ஷெஃபீல்டுக்குத் திரும்புகின்றாள். இப்போது பாட்டி தானாகவே கடிகாரத்தின் கதையைச் சொல்ல முன்வருகின்றாள். பிறிதொரு நாள் சொல்லுங்கள் என்று பேத்தி அன்புடன் தடுத்துவிடுகின்றாள். மென்மையான முடிவு என இதனைப் பாராட்டியோர் உளர். எம்மால் ஏற்க முடியவில்லை. யாஸுக்குக் காலயந்திரம் இருந்தது, நேரிற் கண்டுவிட்டாள். ஓப்பநாயக்கவைச் சுற்றியுள்ள தோட்டங்களில் ஒப்பந்தக் காலத்தில் அண்ணன்மாரைக் கப்பலேற்றிய தங்கைமார் இன்று எண்பதைக் கடந்துவிட்டனர். அவர்களது றங்குப் பெட்டிகளில் உடைந்த கடிகாரம் இல்லாவிடினும், பிரிவதற்கு முன் ஸ்ரூடியோவில் எடுத்த குடும்பப் படமும் மங்கிய கடிதங்களும் உண்டு. அவர்களது பேரப்பிள்ளைகள் எமது வகுப்புகளில் இருக்கின்றனர். ஒப்பந்தத்தின் ஆண்டு பரீட்சைக்கு அவர்களுக்குத் தெரியும். படத்தில் இருப்போர் யார் என்று கேட்டால், பாட்டிக்குத்தான் தெரியும் என்கின்றனர்.